ஆமை நடை

சென்னையின் தென்பகுதிக் கடற்கரையில், தை முதல் பங்குனி வரை, ஊர் உறங்கிய பின் தொடங்கும் பணி ஒன்று உண்டு. அதற்கு 'ஆமை நடை' என்று பெயர். நடப்பவை ஆமைகள் அல்ல; மனிதர்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவை மணலிலேயே நடந்து கடக்க வேண்டும். பெயரைக் கேட்டு மெல்ல நடப்பார்கள் என்றெண்ணி வருவோர் முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குவர். விடிவதற்குள் கரை முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதால், முன்னே செல்பவர் யாருக்காகவும் நடையைத் தளர்த்துவதில்லை.

தேடிச் செல்வது சிற்றாமையை. அறிவியலார் ஆலிவ் ரிட்லி என்பர். பங்குனி ஆமை என்ற பெயரும் வழக்கில் உண்டு. நம் கடலுக்கு வரும் ஆமை இனங்களுள் அளவில் சிறியது இது. சிறியது என்றாலும், வளர்ந்த ஆமை ஒன்று 35 முதல் 45 கிலோகிராம் வரை எடை இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கும் பெண் ஆமை, முட்டையிடும் காலத்தில் மட்டும், தான் பிறந்த கரைப் பகுதியை நாடித் திரும்பி வருகிறது. பிறந்த இடத்தின் புவிக்காந்தக் குறிப்பு குஞ்சாக இருக்கும்போதே அதனுள் பதிந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது நான் இந்த நடையில் சேர்ந்தேன். ஆமையைப் பார்க்கும் ஆவல்தான் என்னை அழைத்துச் சென்றது. பாதுகாப்பு என்ற சொல்லெல்லாம் பின்னால் வந்தவை. முதல் பதினோர் இரவுகள் நான் ஓர் ஆமையையும் காணவில்லை. ஆயினும் அந்தப் பதினோர் இரவுகளில் வேறொன்று நிகழ்ந்தது. என் கண்கள் இருளுக்குப் பழகின. கைவிளக்கை எரியவிடாமல் நடப்பது தொடக்கத்தில் அச்சமாக இருந்தது. சில நாள்களில், ஈர மணலுக்கும் உலர் மணலுக்கும் உள்ள நிற வேறுபாடு தெரியலாயிற்று. நண்டு ஓடிய கோடும் நாய் ஓடிய தடமும் வெவ்வேறாகத் தெரிந்தன. அதன் பிறகே ஆமையின் சுவடு தெரிந்தது. நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி, இரண்டடி அகலத்தில், சிறிய உழுவுந்துச் சக்கரம் ஏறிப் போனதைப் போன்ற சுவடு. ஏறிய சுவடு ஒன்று, இறங்கிய சுவடு ஒன்று. இரண்டும் இருந்தால் ஆமை வந்து போய்விட்டது. ஒன்று மட்டும் இருந்தால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்; ஆமை இன்னும் மேலே இருக்கிறது.

பன்னிரண்டாம் இரவு ஒரு சுவடு மட்டுமே இருந்தது.

அடும்புக் கொடிகளின் ஓரத்தில் அது குழி தோண்டிக்கொண்டிருந்தது. பின்துடுப்புகள் மாறி மாறி உள்ளே சென்று, ஒரு கை மணலை அள்ளி வந்து வெளியே வைத்தன. தன் பின்னால் நிகழ்வதை ஆமையால் பார்க்க முடியாது. ஆனாலும் ஒன்றரையடி ஆழத்தில், வாய் குறுகி அடி விரிந்த குடுவையைப் போல அந்தக் குழி அமைந்தது. பின் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. மேசைப்பந்து அளவுடைய வெண்ணிற முட்டைகள்; ஓடு கோழிமுட்டையைப் போல் விறைப்பானதன்று, தோல்போல் குழையும். பொதுவாக நூறுக்கு மேல் இருக்கும். அதன் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உடலில் சேரும் மிகுதியான உப்பைக் கடலாமைகள் கண்ணோரச் சுரப்பியின் வழியே வெளியேற்றுகின்றன என்று எனக்கு அருகில் இருந்தவர் காதோரம் சொன்னார். பேற்றின் வேதனையில் அழுகிறது என்று நானே கதை கட்டிக்கொள்வதற்குள் அவர் சொன்னது நல்லதாயிற்று. உண்மை கதைக்குக் குறைந்ததாக இல்லை.

முட்டையிட்டு முடிந்ததும் ஆமை குழியை மூடி, தன் உடலை இருபுறமும் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. பின் திரும்பிப் பாராமல் கடலுக்குள் போயிற்று. கடலாமைக்கு முட்டையைக் காக்கும் வழக்கம் கிடையாது. ஆண் ஆமையோ கரைக்கு வருவதே இல்லை.

இந்த இடத்தில் நம் இலக்கியத்தில் உள்ள ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அகநானூற்றின் 160 ஆம் பாடல் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. நிறைசூல் கொண்ட ஆமை அடும்புக் கொடி சிதைய மணலில் முட்டையிட்டு மறைத்துச் செல்வதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அந்த முட்டைகளைக் காப்பதையும் அப்பாடல் காட்டுகிறது. முட்டையின் வடிவம், அதன் புலால் மணம், அது இருக்கும் இடம் ஆகிய அனைத்தும் நேரில் கண்டு எழுதியவை போலத் துல்லியமாக உள்ளன. காவல் காக்கும் ஆண் ஆமை மட்டும் கவிஞரின் கற்பனை. அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும். யாராவது ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைய கடற்கரையில் அந்தக் காவல் இன்றியமையாததாகிவிட்டது. நாய்கள் முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. அவற்றிற்குத் தப்பினாலும் விளக்குகளுக்குத் தப்ப முடியாது. ஆமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிழித்து வெளிவரும். எந்தத் திசை ஒளிமிக்கதோ அந்தத் திசையில் ஓடும். இயற்கையான கரையில் அது கடல். விண்ணின் ஒளியை நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவதால் கடலின் பக்கம் வெளிச்சமாக இருக்கும். சென்னையிலோ நகரமே ஒளிமிக்கது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி ஓடி வந்து வெயிலில் காய்ந்தும் சக்கரங்களில் நசுங்கியும் மடிகின்றன. ஆகவேதான் தன்னார்வலர்கள் முட்டைகளை எடுத்துச் சென்று, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் இயற்கை ஆர்வலர் சிலர் இக்கரையில் இந்த நடையைத் தொடங்கினர். 1988 இல் மாணவர்கள் தாங்களே ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு இணையத்தை அமைத்தனர். அன்று தொடங்கிய நடையை ஆண்டுதோறும் புதிய கால்கள் தொடர்கின்றன. தமிழ்நாடு வனத்துறையும் கடலோர மாவட்டங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது.

முட்டைகளை இடம் மாற்றுவது எளிய வேலை போலத் தோன்றும். அப்படியன்று. முட்டையிட்டுச் சில மணி நேரத்திற்குள் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பின் முட்டை புரண்டால் கரு இறக்கும். எனவே விடிவதற்குள் மாற்றிவிட வேண்டும். முட்டைகளைத் துணிப்பையில் இடுவதற்கு முன், கூட்டின் ஈர மணலைப் பையின் அடியில் பரப்புவோம். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்தில் அதே அளவில் கையாலேயே தோண்டுவோம். மணலின் வெப்பம் இங்கே பெரிய செய்தி. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். பங்குனி வெயில் ஏறும்போது பொரிப்பகத்தின் மேல் நிழல்வலை கட்டுவது இதனால்தான். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அதுவரை நாள்தோறும் ஒருவர் சென்று பார்க்க வேண்டும். தேர்வு நாள்களிலும் பொங்கல் விடுமுறையிலும் அந்த 'ஒருவர்' யார் என்பதே எங்களுக்குள் நடக்கும் பெரிய வழக்கு.

பொரிப்பகம் தேவைதான், ஆனால் அதை ஒரு வெற்றியாக நான் கருதவில்லை. கரையோர விளக்குகளை மூன்று மாதங்களுக்கு அணைத்து வைக்கவோ, கடலின் பக்கம் ஒளி படாமல் மறைக்கவோ நகரம் முன்வந்தால், முட்டைகள் அவை இடப்பட்ட இடத்திலேயே பொரியும். நகரம் செய்யத் தவறியதற்கு நாங்கள் கட்டும் ஒட்டுத்துணிதான் பொரிப்பகம்.

குஞ்சுகளை மாலையில் கடலில் விடும்போது கூட்டம் திரளும். உள்ளங்கையில் அடங்கும் கருஞ்சாம்பல் நிறக் குஞ்சுகளைக் கண்டதும் பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுவர். கைப்பேசி வெளிச்சத்தை அணைக்கும்படி இருபது முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். "நேராகத் தண்ணீரிலேயே விட்டால் என்ன? பாவம், நடக்க விடுகிறீர்களே!" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். குஞ்சு மணலில் சற்றுத் தொலைவு தானே நடந்து செல்ல வேண்டும். பிறந்த கரையை அது அறிந்துகொள்வதில் அந்த நடைக்கும் பங்கு இருக்கலாம் என்பதால், அதைக் குலைக்காமல் விடுவதே முறை. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்ற கணிப்பைச் சொல்லும்போது கூட்டம் சற்று அமைதியாகும். அந்த அமைதியில்தான் விளக்குகளைப் பற்றியும் ஞெகிழிப் பைகளைப் பற்றியும் பேச முடியும். கல்வி என்பது அந்த ஐந்து மணித்துளிகளில் நிகழ்வது.

கூட்டம் பார்க்காத ஒரு பணியும் உண்டு. எங்களிடம் ஓர் ஏடு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். ஒன்றில் கண்டெடுத்த கூடுகள், முட்டைகளின் எண்ணிக்கை. மற்றொன்றில் கரையொதுங்கிய இறந்த ஆமைகள்: இடம், ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா, காயம் உண்டா. முதல் பத்தியை எழுத எல்லோரும் முந்துவர். இரண்டாம் பத்திக்கு ஆள் கிடைப்பது அரிது. நாற்றம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த ஆமைகளுக்காகச் செய்வதற்கு அந்தக் கரையில் எதுவும் இருக்கவில்லை என்பது. எழுதிவிட்டு மேலே நடக்க வேண்டியதுதான்.

கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அவ்வப்போது நீரின் மேல் வந்தாக வேண்டும். கடலடியை அரித்துச் செல்லும் இழுவை மடிக்குள் சிக்கினால், மேலே வர வழியின்றி நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இவ்வாறு இறந்து ஒதுங்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்னும் விதி தமிழ்நாட்டில் உண்டு. மடியில் பொருத்தக்கூடிய ஆமை விலக்குக் கருவியும் உண்டு. சாய்வான கம்பிச் சட்டம் ஒன்று ஆமையைத் தடுத்து, மடியில் உள்ள திறப்பின் வழியே வெளியே தள்ளும். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே புகுந்து உள்ளே செல்லும். அதைப் பொருத்தினால் பிடிபட்டதில் ஒரு பகுதியும் வெளியேறிவிடுகிறது என்பது மீனவர் கூறும் குறை. இக்கருவி இல்லாத காரணத்தால் 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. ஆமையின் உயிருக்குச் சந்தையிலும் ஒரு விலை இருக்கிறது.

இரண்டாம் பத்தியை எழுதிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், வலையைத் தோளில் சுமந்து வந்த முதியவர் ஒருவர் என் அருகே நின்றார்.

"இன்னாம்மா, கணக்கு எழுதுறியா?"

"ஆமாம் தாத்தா. இங்கே வந்து இறந்திருக்கிறது."

அவர் குனிந்து ஆமையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "இங்க சாவல. வன்னி வெள்ளம் ஓடுது பாரு. வடக்கால எங்கியோ செத்து, ரெண்டு மூணு நாளா மெதந்து வந்துருக்குது. தெண்டி திரும்பினா தெக்கால செத்ததெல்லாம் இங்க வரும்."

வன்னி என்பது வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். தெண்டி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது. ஆமையின் ஓட்டை அளக்க எனக்குத் தெரிந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பார்வையில் அவர் சொன்னார். அன்று முதல் ஏட்டில் நீரோட்டத்தின் திசையையும் எழுதலானோம். அதை நாள்தோறும் அவரிடமே கேட்டு எழுதினோம். "எங்க அப்பா காலத்துல இத குட்டியாண்டவர்னுதான் சொல்லுவாங்க. வலையில ஏறிச்சின்னா கும்பிட்டு வுட்டுடணும்" என்று இன்னொரு நாள் சொன்னார். கட்டுமரமும் சிறு படகும் வைத்திருப்போரும் பெரிய இழுவைப் படகும் ஒன்றல்ல என்பதும், மீனவர் என்ற ஒரே சொல்லால் இருவரையும் குறிப்பது நீதியாகாது என்பதும் அவருடன் பேசிய காலைகளில் எனக்கு விளங்கின.

கரையோரக் குப்பத்தில் உள்ள பள்ளி ஒன்றில் மாணவர்களிடம் கடலாமைகளைப் பற்றிப் பேசச் சென்றோம். படங்களைக் காட்டினோம், சுவட்டை மணல் தட்டில் வரைந்து காட்டினோம். அப்பிள்ளைகள் பலருக்கு எங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. கேள்வி நேரத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"அக்கா, ஆமை எங்கப்பா நண்டு வலையில மாட்டுனா வலைய அறுத்துதான் வெளிய எடுக்கணும். போன மாசம் அறுத்தாரு. அந்த வலைக்கு யாரு காசு குடுப்பாங்க?"

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் விடைக்காக என்னைப் பார்த்தார்கள். ஒரு வலையின் விலை அந்த வீட்டின் பல நாள் வருமானம். அந்தத் தந்தை வலையை அறுத்தபோது படம் எடுக்க யாரும் இல்லை. கைதட்டவும் யாரும் இல்லை. குஞ்சு விடும் மாலையில் நாங்கள் ஒரு கூடைக் குஞ்சுகளைக் கடலில் விட்டோம். அவர் முட்டையிடும் பருவத்து ஆமை ஒன்றையே கடலில் விட்டிருந்தார். ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், யார் செய்தது பெரிது என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போது இங்கே யாரும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதற்கு முதலில் கணக்கு வேண்டும்" என்றேன். மகாராட்டிரத்தில் அத்தகைய திட்டம் 2018 இல் தொடங்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிப்பதற்காக வலையை அறுக்கும் மீனவருக்கு அம்மாநில அரசு இழப்பீடு தருகிறது. அதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒருவன், தன் பெரியப்பாவும் இரண்டு முறை அறுத்ததாகச் சொன்னான். பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஆமைகளைப் பற்றி நாங்கள் ஆயத்தம் செய்து வந்திருந்த கடைசி நான்கு படங்களைக் காட்ட அன்று நேரம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அச்சிறுமி தன் கணக்குப் பாடக் குறிப்பேட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து எடுத்து வந்தாள். கட்டங்கள் போட்டிருந்தாள். நாள், வலையின் பெயர், எத்தனை முழம் அறுபட்டது, ஆமை உயிருடன் போயிற்றா என்று நான்கு தலைப்புகள். வீட்டுக்கு வீடு சென்று கேட்டு எழுதியதில், அந்தப் பருவத்தில் மட்டும் அவளுடைய தெருவில் ஆறு வலைகள் அறுபட்டிருந்தன.

அந்தத் தாளை எங்கள் ஏட்டில் ஒட்டினோம். ஏட்டின் பக்கங்களில் மூன்றாவது பத்திக்குக் கோடு கிழித்தோம். அதை எழுதும் பொறுப்பு அவளுடையதாயிற்று. பங்குனியின் கடைசி வாரத்தில் அவள் எழுதிய வரியில், 'நண்டு வலை, நாலு முழம், உயிரோடு போச்சு, பெரிய ஆமை' என்று இருந்தது. 'பெரிய' என்பதன் கீழே இரண்டு முறை கோடிட்டிருந்தாள்.